பருவத்தை வழியனுப்பும் பந்தயம்: பார்கோலானா, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்து இரண்டாவது ஞாயிறு, காலை பத்தரை மணிக்கு, இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் திரியேஸ்தே நகரத்துக் கடலில் பீரங்கி வெடிக்கும். அந்தச் சத்தத்துக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட பாய்மரப் படகுகள் காத்துக்கொண்டிருக்கும். கார்பன் நாரில் செய்த முப்பது மீட்டர் பந்தயப் படகும் அந்தக் கூட்டத்தில் இருக்கும். அப்பா, அம்மா, பிள்ளைகள், சாப்பாட்டுக் கூடை என்று ஏற்றிக்கொண்டு வந்த ஏழு மீட்டர் குடும்பப் படகும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே தொடக்கக் கோடு, ஒரே நேரம்.

இதன் முறையான பெயர் கோப்பா தௌத்துன்னோ, அதாவது இலையுதிர்காலக் கோப்பை. ஊர்க்காரர்கள் பார்கோலானா என்பார்கள். 1969 இல் முதன்முறை நடந்தபோது வந்தவை 51 படகுகள். 2018 இல் ஐம்பதாவது முறை நடந்தபோது பதிவானவை 2,689 படகுகள்; பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அவற்றில் ஏறியிருந்தார்கள். உலகின் மிகப் பெரிய பாய்மரப் பந்தயம் என்று கின்னஸ் அதை ஏற்றுக்கொண்டது.

இதைத் தொடங்கியது பார்கோலா, க்ரின்யானோ என்ற இரண்டு கரையோரப் பகுதிகளின் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்ட ஒரு படகுச் சங்கம். 1968 இல் உருவான சங்கம். மறு ஆண்டே, அந்தப் பருவத்துப் பந்தயங்களெல்லாம் முடிந்த பிறகு, படகுகளைக் கரையேற்றுவதற்கு முன் எல்லோரும் கடைசியாக ஒருமுறை சேர்ந்து ஓடுவோம் என்று வைத்த போட்டிதான் இது. இன்றைக்கும் அந்தச் சங்கம்தான் நடத்துகிறது.

உலகம் முழுக்க எத்தனையோ சங்கங்கள் இப்படிப் பருவ முடிவைக் கொண்டாடுகின்றன. ஒரு கடைசிப் போட்டி, பரிசளிப்பு, விருந்து, அதோடு சரி. இந்த ஒன்று மட்டும் ஏன் இப்படி வளர்ந்தது? விளம்பரம், பணம், நகரத்தின் அழகு என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் காரணம் பந்தயம் அமைந்திருக்கும் விதம்தான் என்பது என் முடிவு. அதை எப்படி அடைந்தேன் என்று சொல்லத்தான் இந்த ஆய்வு.

ஊரும் காற்றும்

திரியேஸ்தே, ஏட்ரியாட்டிக் கடலின் தலைமாட்டில் இருக்கிறது. 1918 வரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பெரிய துறைமுகம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947 முதல் 1954 வரை எந்த நாட்டோடும் சேராத தனிப் பகுதியாக வைக்கப்பட்டிருந்து, அப்புறம்தான் நகரம் மறுபடி இத்தாலியோடு சேர்ந்தது. 1969 இல் நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் போனாலே யூகோஸ்லாவியா எல்லை. இன்று அங்கே ஸ்லோவேனியா. இத்தாலிய மொழியும் ஸ்லோவேனிய மொழியும் தெருவில் கலந்து கேட்கும் ஊர் இது. பார்கோலாவுக்கே பார்கோவ்ல்யே என்று ஸ்லோவேனியப் பெயர் ஒன்று உண்டு.

நகரத்தின் முதுகில் கார்ஸ்ட் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதன் மேலிருந்துதான் போரா வரும். போரா என்பது வடகிழக்குக் காற்று. உள்நாட்டில் குளிர்ந்து கனத்த காற்று மேட்டின் விளிம்பைத் தாண்டியதும் கடலை நோக்கிச் சரிந்து விழும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் வீச்சு அங்கே ஆச்சரியம் இல்லை. நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருவோரம் கயிறு கட்டிய காலம் உண்டு. நம் கடற்கரைக்காரர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்திருப்பதுபோல அந்த ஊர்க்காரர்கள் போராவிலேயே இரண்டு வகை சொல்வார்கள். வானம் தெளிந்திருக்கும்போது அடித்தால் வெள்ளைப் போரா, மேகமும் மழையுமாக வந்தால் கறுப்புப் போரா.

பருவ முடிவு என்பதற்கு இந்த ஊரில் இருக்கும் பொருள் இந்தக் காற்றோடு சேர்ந்தது. குளிர்காலத்தில் போரா அடிக்கடி வரும், வந்தால் நாள்கணக்கில் நிற்கும். வசந்தத்தில் இறக்கிய படகுகளை இலையுதிர்காலத்தில் மேலே ஏற்றியாக வேண்டும். அக்டோபர் நடுப்பகுதி கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடைப்பட்ட வாசல்படி. வெயில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கும், காற்று எப்போது வேண்டுமானாலும் குணம் மாறும். இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததால்தான் பந்தயத்துக்கு ஒரு பிரிவு உபசாரத்தின் மனநிலை வந்தது என்று நினைக்கிறேன். ஜூன் மாதத்தில் வைத்திருந்தால் அது இன்னொரு போட்டியாகத்தான் இருந்திருக்கும்.

சாதாரணமாக ஒரு சங்கத்தின் பருவம் எப்படி முடியும்

ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு சங்கத்தின் வழக்கமான ஆண்டு எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சங்கங்களில் போட்டி ஒற்றை நாளில் முடிவதில்லை. வாரம் ஒன்றாகத் தொடராக நடக்கும். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 3. கடைசியில் குறைந்த புள்ளி வைத்திருப்பவரே சாம்பியன். மோசமாகப் போன ஓரிரு போட்டிகளைக் கழித்துக்கொள்ளவும் விதி இடம் தரும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தவருக்கும், பாய் கிழிந்து திரும்பியவருக்கும் அது பெரிய ஆறுதல்.

இந்த முறை நியாயமானது, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இதில் ஒரு பக்க விளைவு இருக்கிறது. கடைசிப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே முதல் மூன்று இடங்கள் பெரும்பாலும் முடிவாகிவிடும். எட்டாம் இடத்தில் இருப்பவருக்கும் பதினெட்டாம் இடத்தில் இருப்பவருக்கும் கடைசி நாளில் கடலுக்கு வரக் காரணம் குறைந்துபோகும். வந்தாலும் விருந்துக்கு வருவார்களே தவிரப் போட்டிக்கு இல்லை.

படகுகள் வெவ்வேறு வகையாக இருந்தால் இன்னொரு சிக்கல். வேகமான படகையும் மெதுவான படகையும் சமப்படுத்த ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் வைத்து, ஓடிய நேரத்தை அதைக்கொண்டு திருத்துவார்கள். முதலில் கோட்டைத் தாண்டியவர் வென்றாரா என்பது கரையில் யாரோ கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் தெரியும். படகோட்டிகளுக்கு இது பழகிப்போன விஷயம். கரையில் நின்று பார்க்கும் தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒன்றும் புரியாது.

பார்கோலானா இந்த இரண்டையும் தவிர்த்தது. அது ஆண்டுப் புள்ளிக் கணக்கோடு சேராத தனிப் போட்டி. அங்கே நேரத் திருத்தமும் கிடையாது. படகின் நீளத்தை வைத்துப் பிரிவுகள். எல்லாப் பிரிவும் ஒன்றாகப் புறப்படும். யார் முதலில் தாண்டுகிறாரோ அவர் ஒட்டுமொத்த வெற்றியாளர். தன் பிரிவில் முதலாவதாக வருபவர் அந்தப் பிரிவின் வெற்றியாளர். ஏழு மீட்டர் படகுக்காரர் முப்பது மீட்டர் படகோடு புறப்பட்டாலும், அவருடைய போட்டி தன் நீளத்துப் படகுகளோடுதான்.

இதனால் நடந்தது என்னவென்றால், யாருக்கும் வராமல் இருக்கக் காரணம் இல்லாமல் போனது. அந்த ஆண்டு தொடரில் கடைசியாக வந்தவரும் வரலாம், தொடரே ஓடாதவரும் வரலாம். பந்தயப் படகே இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பாய் விரிப்பவரும் வரலாம். பார்ப்பவர்களுக்கும் கண்ணால் பார்த்தது அப்படியே முடிவு.

ஒரே கோடு

தொடக்கக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த நிகழ்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கோடு பார்கோலாவுக்கும் மிராமாரே கோட்டைக்கும் நடுவே கடலில் கிடக்கும். மிராமாரே, ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியன் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் கட்டிய வெள்ளைக் கோட்டை. அவர் பின்னால் மெக்ஸிகோவுக்குப் பேரரசராகப் போய் 1867 இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பார்கோலா பக்கத்தில் மேட்டின் மேல் வெற்றிக் கலங்கரை விளக்கம், 1927 இல் திறந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த வளைந்த கரையில்தான் கோடைக்காலம் முழுக்க நகரத்து மக்கள் நடைபாதையிலேயே துண்டை விரித்து வெயில் காய்வார்கள். பந்தயம் அவர்களுடைய வாசலிலேயே தொடங்குகிறது.

பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது. கோட்டுக்குப் பின்னால் அசையாமல் நிற்கவும் முடியாது. பீரங்கி வெடிக்கும் நொடியில் கோட்டுக்குப் பக்கத்தில், ஆனால் தாண்டாமல், அதே சமயம் வேகத்தோடு இருக்க வேண்டும். அதற்காகக் கடைசி நிமிடங்களில் எல்லோரும் வளைந்து திரும்பி, பாயைத் தளர்த்தி, இறுக்கி, இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இருபது படகு இருக்கும் போட்டியிலேயே இது நெஞ்சு படபடக்கும் நேரம். இங்கே ஆயிரத்துக்கு மேல்.

வழி விடுவதற்கு விதிகள் உண்டு. வலப்பக்கத்திலிருந்து காற்றை வாங்கிக்கொண்டு வரும் படகுக்கு இடப்பக்கத்திலிருந்து வாங்கும் படகு வழி விட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போனால், காற்று வரும் திசைக்கு அருகில் இருக்கும் படகு விலக வேண்டும். பின்னாலிருந்து முந்துகிறவர் ஒதுங்கிப் போக வேண்டும். இந்த மூன்றும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் நான்கு பக்கமும் படகு இருக்கும்போது ஒருவருக்கு வழி விட்டால் இன்னொருவர் மேல் போய் இடிக்க வேண்டியிருக்கும். அதனால் அந்தக் கூட்டத்தில் விதியோடு சேர்ந்து குரலும் கையும் வேலை செய்யும். இத்தாலியம், ஸ்லோவேனியம், குரோவேஷியம், ஜெர்மன் என்று நான்கு மொழியில் கத்துவார்கள், கையை ஆட்டுவார்கள், பக்கத்துப் படகைக் காலால் தள்ளிவிடுவார்கள்.

காற்றும் பொதுச் சொத்து அல்லவா? முன்னால் போகும் படகின் பாய் காற்றைத் தின்றுவிட்டு, கலங்கிய மிச்சத்தைத்தான் பின்னால் விடும். ஆயிரம் பாய்க்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சின்னப் படகுக்கு வானத்தில் காற்று இருந்தும் பாயில் காற்று இருக்காது. பெரிய படகுகள் நல்ல காற்றில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் பாதையை முடித்துவிடுவதும், சின்னவை மாலை வரை மிதந்துகொண்டிருப்பதும் நீளத்தால் மட்டும் வருவதில்லை. இந்தக் காற்றுப் பசியும் ஒரு காரணம்.

காற்றே இல்லாத ஆண்டுகளும் உண்டு. 2019 இல் காற்று விழுந்ததால் பாதையைச் சுருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வென்றது கஷ்பர் வின்செத்ஸ் சுக்கான் பிடித்த ஸ்லோவேனியப் படகு. எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர் வென்றதை அந்தக் கடற்கரை தன் வெற்றியாகவே கொண்டாடும். 1969 இல் அங்கே இருந்த எல்லையை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மேலே நிற்பவர்கள்

இவ்வளவு கூட்டத்தையும் கரைமட்டத்தில் நின்று பார்த்தால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். திரியேஸ்தேக்காரர்கள் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். ஓப்பிசினாவிலிருந்து ப்ரொசெக்கோ கிராமம் வரை மலை விளிம்பை ஒட்டிப் போகும் நெப்போலியோனிகா என்ற நடைபாதை உண்டு. ப்ரொசெக்கோ மதுவுக்குப் பெயர் கொடுத்த கிராமம் அதுதான். அங்கிருந்து பார்த்தால் வளைகுடா முழுவதும் காலடியில் இருக்கும். நொறுக்குத்தீனி, கம்பளி, தொலைநோக்கி சகிதம் காலையிலேயே போய் இடம் பிடிப்பார்கள்.

மலையும் கடலும் ஓர் அரங்கம்போல் அமைந்தது ஊரின் அதிர்ஷ்டம். ஆனால் அரங்கம் இருந்தால் மட்டும் போதாது. அங்கே நிற்பவர்களில் பலருக்குக் கீழே ஓடும் ஏதோ ஒரு படகில் அண்ணனோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ இருப்பார். முதல் பத்து படகை விட்டுவிட்டு நடுக்கூட்டத்தில் ஒரு நீலக் கோடு போட்ட பாயைத் தேடுகிற கண்கள்தான் இந்தப் பந்தயத்தை ஊர்ப் பந்தயமாக வைத்திருக்கின்றன.

பெரிய படகுகள் வந்த பிறகு

வளர்ச்சியோடு பணமும் வந்தது. ஒட்டுமொத்த வெற்றிக்காகப் பெரிய பந்தயப் படகுகள் வரத் தொடங்கின; விளம்பர நிறுவனங்களின் பெயர் பாயில் ஏறியது; தொழில்முறை மாலுமிகள் வந்தார்கள். 2022 இல் டீப் ப்ளூ என்ற 85 அடிப் படகைத் தானே சுக்கான் பிடித்து ஓட்டி அதன் உரிமையாளர் வெண்டி ஷ்மிட் வென்றார். இந்தப் பந்தயத்தில் சுக்கான் பிடித்து வென்ற முதல் பெண் அவர். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆன ஒரு போட்டியில் இது தாமதமான செய்திதான் என்றாலும் மகிழ்ச்சியான செய்தி.

மறுநாள் பத்திரிகைகளில் பெரிய படகின் படம்தான் வரும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. முதலில் வந்த படகைப் பற்றி எழுதுவதற்குப் பத்து வரி போதும். மீதியைப் பின்னால் வந்தவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனாலும் நியாயமாகப் பார்த்தால், பெரியவர்கள் வந்ததால் சின்னவர்கள் விரட்டப்படவில்லை. அவர்களுக்கென்று தனித் தொடக்கம் வைத்திருந்தால் அது நடந்திருக்கும். வேகமானவர்களை முன்னால் விட்டு, மற்றவர்களை அரை மணி கழித்து அனுப்புவது பாதுகாப்புக்கு வசதி. பல பெரிய போட்டிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். பார்கோலானா அந்த வசதியை எடுத்துக்கொள்ளவில்லை. உலகச் சாம்பியன்கள் ஓட்டும் படகோடு ஒரே கோட்டில் நின்றேன் என்று ஒரு பல் மருத்துவரோ பள்ளி ஆசிரியரோ குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொள்ள முடிவது அந்த ஒரு முடிவால்தான்.

2018: சுவரொட்டிச் சண்டை

ஐம்பதாவது ஆண்டுக்கான சுவரொட்டியை மரீனா அப்ரமோவிச் செய்தார். பெல்கிரேடில் பிறந்த, உலகம் அறிந்த கலைஞர். திரியேஸ்தே நகரத்துக் காபி நிறுவனமான இல்லி இதற்குத் துணை நின்றது. அதில் இருந்த வாசகம்: ‘நாம் எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம்’. மத்தியதரைக் கடலில் அகதிகள் படகு படகாக வந்துகொண்டிருந்த காலம் அது. நகரத்தின் துணை மேயர் இதை அரசியல் என்று எதிர்த்தார். படகுப் பந்தயத்துக்கு இது பொருந்தாது, எடுக்க வேண்டும் என்றார். சில வாரம் நாடு முழுக்க இதே பேச்சு.

சங்கத்தின் அன்றைய தலைவர் மித்யா ஜாலுஸ் பின்வாங்கவில்லை. ஒரு சிறிய சங்கம் நகராட்சியோடு முட்டிக்கொள்வது எளிதல்ல. கரையில் கடைகள் போட, துறைமுகத்தைப் பயன்படுத்த, எல்லாவற்றுக்கும் நகரத்தின் உதவி வேண்டும். ஆனால் அந்த வாசகத்தை விட்டுக்கொடுத்திருந்தால் ஒரே கோடு என்ற தன் ஐம்பது ஆண்டுப் பழக்கத்தையே மறுத்ததாக ஆகியிருக்கும். எனக்கு இந்த நிகழ்வில் மிகப் பிடித்த இடம் இது.

அக்டோபர் 14 அன்று பந்தயம் நடந்தது. பெனுஸ்ஸி சகோதரர்கள் ஓட்டிய ஸ்பிரிட் ஆஃப் போர்த்தோபிக்கோலோ முதலில் வந்தது. 2,689 என்ற எண்ணிக்கையை அதற்குப் பின்வந்த ஆண்டுகள் தொடவில்லை. தொட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அந்த வளைகுடாவுக்கும் ஓர் அளவு இருக்கிறது.

2020: ஓடாத பந்தயம்

இரண்டே ஆண்டில் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார்கள். பெருந்தொற்று ஆண்டு. ஒலிம்பிக்ஸே தள்ளிப்போயிருந்தது, ஊரூராகப் போட்டிகள் ரத்தாகிக்கொண்டிருந்தன. பார்கோலானா மட்டும் கட்டுப்பாடுகளோடு நடக்கும் என்று ஏற்பாடு செய்து, படகுகளும் வந்து சேர்ந்தன. அக்டோபர் 11, ஞாயிறு. காற்றும் கடலும் மோசமாக இருந்தன. அன்றைக்கே பந்தயத்தை ரத்து செய்தார்கள்.

பலருக்குக் கோபம் வந்திருக்கும். பெரிய படகுகளின் மாலுமிகளுக்கு அந்தக் காற்று ஒரு பொருட்டே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரே கோடு என்று வைத்துவிட்டால் முடிவையும் ஒரே முடிவாகத்தான் எடுக்க முடியும். கூட்டத்தில் யாருக்குப் பழக்கம் குறைவோ, யார் படகில் குழந்தை இருக்கிறதோ, அவரை வைத்துத்தான் காற்றை அளக்க வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் போங்கள் என்று சொல்லியிருந்தால் பந்தயம் நடந்திருக்கும், பார்கோலானா நடந்திருக்காது. அந்தக் காலை எடுத்த முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த ஆண்டு அதே ஞாயிறு, அதே இடத்தில் மறுபடி கோடு போட்டார்கள்.

ஞாயிறு மாலை

முந்தின நாட்களிலேயே ஆப்டிமிஸ்ட் என்ற 2.3 மீட்டர் தொட்டிப் படகுகளில் பிள்ளைகளுக்குத் தனிப் போட்டி முடிந்திருக்கும். ஞாயிறு மதியத்துக்குள் பெரிய படகுகள் கரைக்கு வந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும். நகரத்து முகப்பில் கடைகள், பாட்டு, கூட்டம்.

கடலில் இன்னும் நூற்றுக்கணக்கான படகுகள் இருக்கும். காலையில் இருந்த பதற்றம் இப்போது இருக்காது. ரொட்டியை வெட்டி, மதுப்புட்டியைத் திறந்து, பக்கத்துப் படகுக்கும் ஒரு குவளை நீட்டிக்கொண்டு முடிவுக் கோட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களும் தாண்டுவார்கள், அவர்களுடைய நேரமும் எழுதப்படும்.

அப்புறம் மேட்டுக் கிராமங்களில் ஓஸ்மிட்ஸா திறந்திருக்கும். விவசாயி தன் வீட்டு முற்றத்திலேயே தன் மதுவையும் பன்றியிறைச்சியையும் அவித்த முட்டையையும் விற்கும் இடம். ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசப் 1784 இல் கொடுத்த அனுமதியிலிருந்து வந்த வழக்கம் இது. ஓசெம் என்றால் ஸ்லோவேனிய மொழியில் எட்டு. எட்டு நாள் விற்கலாம் என்ற கணக்கில் வந்த பெயர். எந்த வீட்டில் திறந்திருக்கிறது என்பதைத் தெருமுனையில் கட்டித் தொங்கும் இலைக்கொத்து சொல்லிவிடும். உப்புத் தோய்ந்த சட்டையோடே அங்கே போய் உட்கார்ந்து, தொடக்கத்தில் யார் யாரை இடித்தார்கள், எந்த முனையில் காற்று நின்றது என்று பேசித் தீர்ப்பார்கள்.

கீழே பார்கோலாவில் அடுத்தடுத்த வாரங்களில் பாய்களைக் காயவைத்து மடிப்பார்கள். கயிறுகளை நல்ல தண்ணீரில் அலசிச் சுருட்டுவார்கள். படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். நவம்பரில் போரா வந்து தட்டும்போது துறையில் பெரும்பாலும் கட்டுக்கயிறுகள்தான் ஆடிக்கொண்டிருக்கும்.